இரண்டு டப்பா பாகுக்கு எத்தனை பவுண்டு பார்லி

மணி நாலரை ஆனால் நார்பர்ட் ஜாஸ்ட்ரோவுக்கு அரை கிளாஸ் பீர் வேண்டும். அது உள்ளே போனால்தான் ஐந்தரைக்கு வைக்கிற சாப்பாடு இறங்கும். இல்லாவிட்டால் முள்கரண்டியால் உருளைக்கிழங்கைத் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். கடைசியில் "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று எழுந்துவிடுவார். வயது எண்பத்து நாலு. பாட்டிலில் மிச்சமிருக்கும் பாதியை டோரீன் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே குடித்துவிடுவாள். அவளுக்கு அது பிடிக்கும் என்று சொல்ல முடியாது. கொட்ட மனசு வராது, அவ்வளவுதான்.

டோரீன் அவருக்கு மகள் இல்லை. சரியாகச் சொன்னால் இப்போது மருமகளும் இல்லை. அவர் மகன் டுவேன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் அக்டோபரில், பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் டாமி என்பவளோடு டுலூத் என்ற ஊருக்குப் போய்விட்டான். விவாகரத்துத் தாளும் வந்து சேர்ந்துவிட்டது. போகிற அன்று மீன்பிடிக் கழிகளை ஒவ்வொன்றாகத் துணி சுற்றி வண்டியில் ஏற்றினான். அப்பாவை மட்டும் அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான்.

"வசந்தம் வரட்டும் டோர், அப்பாவ வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்றான்.

வசந்தம் இரண்டு தடவை வந்து போயிற்று. அவர்கள் ஊரான ஷெபாய்கனில் வசந்தம் என்பது பத்து நாள் சேறு, அதனால் அவன் கண்ணில் படாமல் போயிருக்கும் என்று டோரீன் ஆரம்பத்தில் பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டாள். கேட்கிறவர்கள் சிரிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

கிழவரோ மகன் சொன்ன சொல்லை நம்பி அன்றைக்கே பெட்டி கட்டினார். கட்டம் போட்ட பழைய பெட்டி, கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நல்ல சட்டைகள் நாலும் அதற்குள். வெளியே இருப்பவை மூன்றே மூன்று. அந்த மூன்றையே டோரீன் இரண்டு வருஷமாக மாற்றி மாற்றித் துவைத்துக்கொண்டிருந்தாள். காலரெல்லாம் நைந்து நூல் தொங்கியது.

"பெட்டியில இருக்கறத எடுத்துப் போட்டுக்கலாமில்லப்பா" என்றால், "அது ஊருக்குப் போறதுக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

டோரீனுக்கு வயது ஐம்பத்தாறு. விடிவதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடச் சமையலறைக்குப் போக வேண்டும். நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்து, பாத்திரம் ஒழித்து, இரண்டரைக்கு வீடு வந்தால் கால் இரண்டும் மரக்கட்டையாகிவிடும். வந்தவுடன் கிழவருக்கு மாத்திரை, துணி, சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசைக்கு அழைத்துப் போய்வர வேண்டும். அவர் நல்லவர்தான். ஒரு நாளும் குரல் உயர்த்தியதில்லை. ஆனால் நல்லவரைத் தூக்கி உட்கார வைத்தாலும் முதுகு வலிக்கத்தானே செய்யும்.

டுவேன் விட்டுப்போனவற்றில் அப்பாவைத் தவிர உருப்படியாக இருந்தது பீர்ச் சாமான்தான். நிலவறையில், வீட்டைச் சூடேற்றும் உலைக்குப் பக்கத்தில், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் பாகு இருபத்திரண்டு டப்பா அடுக்கி வைத்திருந்தான். ஒரு நோட்டும் இருந்தது. அதில் 'அப்பாவுடைய பிரவுன்' என்று ஒரு பக்கம். செய்முறை பொடிப்பிள்ளைக்கும் புரியும். கறுப்பு மால்ட் கொஞ்சம், கேரமல் மால்ட் கொஞ்சம், வெந்நீரில் நனைத்து எடு. இரண்டு டப்பா பாகை ஊற்று. கசப்புக்கு ஹாப்ஸ் பூப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க விடு. பச்சைத் தண்ணீர் விட்டு நிரப்பி, ஆறினதும் ஈஸ்ட் போட்டு மூடு. இரண்டு வாரத்தில் பாட்டில், இன்னும் இரண்டு வாரத்தில் கிளாஸ்.

கிழவர் சாப்பிட வேண்டுமே என்று டோரீன் நோட்டைப் பார்த்து அதைப் போட ஆரம்பித்தாள். ஒரு தடவை போட்டால் ஐம்பது பாட்டில். பதினொரு தடவை போட்டாள். கிழவர் ஒவ்வொரு நாளும் முதல் வாய் குடித்துவிட்டு, "டுவேன் பீர்" என்று தலையாட்டுவார். போட்டது யார் என்று கேட்டதில்லை. அவளும் சொல்லிக்கொண்டதில்லை.

செப்டம்பரில் கடைசி டப்பாவும் தீர்ந்தது.

பீர்ச் சாமான் விற்கும் கடை ஊரின் மறுகோடியில் இருக்கிறது. கடைக்காரி மார்லா ஆண்பிள்ளைச் செருப்பும் முழங்கால் வரை ஏப்ரனும் போட்ட கறாரான பெண். டோரீன் நீட்டிய வெற்று டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவா? இது வந்து அஞ்சு வருஷம் ஆச்சும்மா. கம்பெனியே நிறுத்திட்டான்."

"வேற டப்பா இல்லையா?"

"இருக்கு, வேணுங்கற மட்டும் இருக்கு. ஆனா ஒவ்வொருத்தனும் பாகுல என்னத்தச் சேக்கறான்னு அவனுக்குத்தான் வெளிச்சம். அதே ருசி வேணும்னா தானியத்துலேர்ந்து பண்ணுங்க. கூட்டறதும் கொறைக்கறதும் உங்க கையில இருக்கும்."

"எனக்கு நேரம் கெடையாது."

"யாருக்குத்தான் இருக்கு? இங்க வர்ற அத்தன பேரும் பாகுல பொறந்து தானியத்துக்கு மதம் மாறினவங்கதான்."

"நான் ஏற்கெனவே ஒரு தடவ மாறிட்டேன்" என்றாள் டோரீன். "லூத்தரனாப் பொறந்து, கல்யாணத்துக்காக கத்தோலிக்கா ஆனேன். புருஷன் போயிட்டான், பூசை மட்டும் என்னோட நின்னுபோச்சு."

மார்லா சிரிக்கவில்லை. ஒரு காகிதத்தை இழுத்துக் கணக்குப் போட்டாள். "ஒரு பவுண்டு பாகுக்கு ஒண்ணே கால் பவுண்டுக்குக் கொஞ்சம் மேல பார்லி மால்ட். உங்களுக்கு ரெண்டு டப்பா, ஆறரைப் பவுண்டுச் சொச்சம். ஒம்பது பவுண்டு ஆச்சு. மொதத் தடவ இனிப்பு முழுசா இறங்காது, பத்தாப் போட்டுக்கங்க. கறுப்பும் கேரமலும் நோட்டுல இருக்கற அளவே இருக்கட்டும்."

அளவை மாற்றுவது டோரீனுக்குப் புதிதில்லை. நூறு பேருக்கு எழுதின குறிப்பை நானூறு பேருக்குப் பெருக்குவதுதான் அவள் பிழைப்பு. அந்தச் சமையலறையில் ஒரு சட்டம் உண்டு. குறிப்பு மாற்றச் சொல்லாததை மாற்றாதே. இருபது வருஷம் அந்தச் சட்டப்படியே நடந்தவள், பாகு இருந்த இடத்தில் பத்து பவுண்டு பார்லி என்று எழுதினாள். மற்றதையெல்லாம் அப்படியே விட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கார் ஷெட்டில் ஆரம்பித்தாள். டுவேன் பனி ஏரியில் மீன் பிடிக்கக் கொண்டுபோகும் ஐஸ் பெட்டிதான் ஊறவைக்கும் தொட்டி. வான்கோழி பொரிக்கிற அண்டாதான் கொதிக்கும் பாத்திரம். அரைத்த பார்லியைத் துணிப்பையில் கொட்டி, நூற்று ஐம்பத்திரண்டு டிகிரி ஃபாரன்ஹீட் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டாள். பாகு என்றால் டப்பாவைத் திறந்து கவிழ்த்தால் முடிந்தது. இங்கே மாவுச்சத்து சர்க்கரையாக மாறும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். சூடு இரண்டு டிகிரி இறங்கினால் மனசு அடித்துக்கொள்ளும். பையைத் தூக்கி வடியவிட்டபோது அவள் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பிறகு ஐந்து கேலன் சாற்றையும் கொதிக்கவிட்டு, ஆற்றி, கழுவி முடிக்க ஐந்து மணி நேரம். ஏரிக்காற்று ஷெட் கதவுக்கடியில் புகுந்து கணுக்காலைப் பிடித்தது. உட்கார இருந்த ஒரே நாளையும் தொலைத்துவிட்டோமே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்ததால் அதைத் தள்ளிப் போட்டாள்.

நவம்பரில் அந்தப் பீர் கிளாஸுக்கு வந்தது. கிழவர் ஒரு வாய் வைத்தார். முகம் எலுமிச்சம்பழம் கடித்த மாதிரி ஆயிற்று.

"கசக்குது."

"கொஞ்சம் நாள் போனா சரியாயிடும்ப்பா."

"டுவேன் பீர் கசக்காது" என்று கிளாஸை நகர்த்தி வைத்தார். அன்று தொத்திறைச்சியில் ஒரு துண்டு, அதுவும் அவள் முகத்துக்காக.

டோரீன் குடித்துப் பார்த்தாள். நாக்கு மரத்துப் போகிற கசப்பு. ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு மறுநாள் மார்லாவிடம் போனாள்.

மார்லா ஒரு வாய் குடித்துவிட்டு, "பாகுல பண்ணும்போது எவ்வளவு தண்ணி கொதிக்க வச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒன்றரை கேலன். அடுப்புல அதுக்கு மேல பெரிய பாத்திரம் நிக்காது. மிச்சத்துக்குப் பச்சத் தண்ணி."

"அங்கதான் கோளாறு. கெட்டியான பாகுல ஹாப்ஸோட கசப்பு முழுசா இறங்காது. இப்ப அஞ்சு கேலனையும் அண்டாவுல கொதிக்க விட்டீங்க, உள்ள கசப்பு மொத்தமும் எறங்கிடுச்சு. ஹாப்ஸ்ல மூணுல ஒரு பங்கு கொறைச்சிருக்கணும்."

"நோட்டுல அப்படி எழுதலையே."

"நோட்டு எழுதினவரு சின்னப் பாத்திரத்துக்கு எழுதினாரு. பாத்திரத்தப் பத்தி யாரும் எழுதி வைக்கறதில்லம்மா. நானும் அன்னிக்குக் கேட்டிருக்கணும், கேக்கல."

ஐம்பது பாட்டில் கசப்பை வைத்துக்கொண்டு டோரீன் மறுபடி ஒரு சனிக்கிழமையைத் தொலைத்தாள். பழைய பீரில் ஒன்பது பாட்டில் மிச்சமிருந்தது. அதை வாரத்துக்கு ஒன்று என்று எண்ணி எண்ணித் திறந்தாள். திறந்த நாளில் கிழவர் சாப்பிட்டார், திறக்காத நாளில் தட்டில் உருளைக்கிழங்கு உருண்டது.

டிசம்பரில் ஆஸ்பத்திரியில் எடை பார்த்தார்கள். போன வருஷம் நூற்று நாற்பத்தெட்டு பவுண்டு இருந்தவர், நூற்று இருபத்தொன்பது. நர்ஸ் டோரீனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தாள்.

"ஜனவரி கடைசியில திரும்ப வாங்க. நூத்தி இருபத்தஞ்சுக்குக் கீழ போயிட்டா வீட்டுல வச்சுப் பாக்கறது கஷ்டம். கவுண்டி அரசு முதியோர் இல்லத்துக்கு எழுதிக் குடுத்துடலாம். நீங்களும் எவ்வளவு நாள்தான் பாப்பீங்க?"

அந்தக் கடைசிக் கேள்வி டோரீனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. படிவத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்தாள். பேர், வயது, மருந்து எல்லாம் நிரப்பினாள். 'நோயாளிக்கு உங்கள் உறவு' என்று ஒரு கோடு இருந்தது. அதில் என்ன எழுதுவதென்று தெரியாமல் விட்டுவைத்தாள். அனுப்பிவிடலாம் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்ததே அவளுக்கு அசிங்கமாகவும் இருந்தது. அவளைக் குற்றம் சொல்கிறவர்கள் ஒரு வாரம் வந்து அந்த வீட்டில் இருந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது பீர் ஜனவரி மூன்றாம் வாரம் தயாரானது. சாயங்காலம் கிழவர் மேஜைக்கு வருவதற்கு முன்னால் டோரீன் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சுட்ட ரொட்டி மேலோடு மாதிரி ஒரு வாசனை, அடியில் லேசான இனிப்பு, கசப்பு இருந்தும் இல்லாத மாதிரி. அவள் வாழ்க்கையில் செய்த எதுவும் இவ்வளவு சரியாக வந்ததில்லை. பள்ளிக்கூடச் சமையலை யாரும் இப்படி உட்கார்ந்து குடித்துப் பார்த்ததும் இல்லை.

கிழவர் வந்தார். கிளாஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ஒரு வாய் குடித்தார். வழக்கத்தைவிட நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். பிறகு கிளாஸை மேஜையில் வைத்து, இரண்டு விரலால் மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

"இது டுவேனோடது இல்ல."

"கசக்குதா?"

"இல்ல."

"பின்ன என்ன?"

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லா இருந்தா குடிங்க."

"வேணாம்மா."

டோரீனுக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. "ரெண்டு சனிக்கெழமப்பா. அந்தக் குளிருல அஞ்சு அஞ்சு மணி நேரம் நின்னேன். எனக்காகவா நின்னேன்?"

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு மேஜைவிரிப்பைப் பார்த்தார். "நான் சொல்லலையே" என்றார். உண்மைதான், அவர் சொல்லவில்லை. அது அவளுக்கு இன்னும் கோபத்தைத்தான் கிளப்பியது. அன்று அவர் சாப்பாட்டையும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை குளியலறை எடைக்கருவியில் நிற்க வைத்துப் பார்த்தாள். நூற்று இருபத்தாறு. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரி.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு டுலூத்துக்குப் போன் போட்டாள். இரண்டு வருஷத்தில் அவளாகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. கை இரண்டும் பாத்திரம் கழுவும் தண்ணீரில் இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தாள். முன்னறையில் கிழவர் டிவியில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டுவேன், அப்பாவோட பிரவுன் பீரு. நோட்டுல எழுதாம வேற எதாவது சேப்பியா?"

"பீரா?" என்றான் டுவேன். பின்னால் பிள்ளைகள் கத்தும் சத்தம் கேட்டது. "இதுக்கா போன் பண்ணின? ஒண்ணும் சேக்க மாட்டேனே."

"யோசிச்சுச் சொல்லு. தானியத்துலேர்ந்து பண்ணிப் பாத்துட்டேன், ஹாப்ஸும் சரி பண்ணிட்டேன், அந்த ருசி வரல. உன்னோடதுல ஒரு மாதிரி... பழைய பேரீச்சம்பழம், நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒண்ணு அடிக்கும்ல, அது வரல."

டுவேன் சிரித்தான். "அது டப்பாவோட வாசனை டோர். தேதி முடிஞ்ச டப்பா. ஃபாண்ட் டு லாக் ஊர்ல ஒரு கடைய மூடினாங்கல்ல, அவன் தூக்கிப் போடறதுக்கு வச்சிருந்தான், நான் வண்டியில அள்ளிட்டு வந்தேன். அதுக்கு முன்னாடி வாங்கினதும் அதே ரகந்தான். உலைக்குப் பக்கத்துல சூட்டுல வேற கெடந்து இன்னும் கெட்டுப்போயிருக்கும். கெட்ட பாகு அப்படித்தான் அடிக்கும்."

டோரீன் கையிலிருந்த தட்டைத் தண்ணீருக்குள் விட்டாள். இரண்டு சனிக்கிழமை. நல்ல பார்லியில், நல்ல தண்ணீரில், அவள் தேடிக்கொண்டிருந்தது கெட்டுப்போன டப்பாவின் வாசனையை. சிரிப்பு வந்தது, ஆனால் வாய் வரை வர அதற்குத் தெம்பில்லை.

முன்னறை டிவியில் விளம்பரம் போலிருக்கிறது. விளம்பரம் வந்தால் கிழவர் சத்தத்தை அணைத்துவிடுவார், அது அவர் வழக்கம். வீடு திடீரென்று அமைதியாயிற்று. டோரீன் அதைக் கவனிக்கவில்லை.

"அப்பா எப்படி இருக்காரு?" என்றான் டுவேன்.

"நூத்தி இருபத்தாறு பவுண்டு இருக்காரு. சாப்பிட மாட்டேங்கறாரு. கட்டிலுக்கு அடியில பொட்டி கட்டி வச்சிருக்காரு, நீ வந்து கூட்டிட்டுப் போவேன்னு. இந்த வசந்தத்துலயாவது வருவியா?"



"டோர், இங்க ரெண்டு ரூம். டாமியோட பசங்க வேற. நான் அன்னிக்கு ஏதோ சொன்னேன்... கெளம்பற அவசரத்துல சொன்னது. உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியும்" என்றாள் டோரீன். "அவருக்குத் தெரியாது."

"நீயே பக்குவமாச் சொல்லிடேன். நீ சொன்னா கேப்பாரு."

டோரீன் ஈரக்கையாலேயே போனை அணைத்தாள். பக்குவமாம். அவன் செய்யவேண்டியதெல்லாம் கடைசியில் அவளுடைய பக்குவத்தில்தான் வந்து நிற்கும். திரும்பியபோது முன்னறை டிவி இன்னும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரம் முடிந்து ஆட்டம் வந்துவிட்டது. கிழவர் சத்தத்தைத் திரும்பப் போடவில்லை. ரிமோட் அவர் மடியில் கிடந்தது.

நாலரைக்கு அவள் கூப்பிடாமலேயே எழுந்து வந்து மேஜையில் உட்கார்ந்தார். என்ன கொடுப்பது என்று டோரீனுக்குத் தெரியவில்லை. பழைய பீரில் கடைசி பாட்டில் ஒன்று செவ்வாய்க்கிழமைக்காக இருந்தது, எடை பார்க்கப் போகுமுன் ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டால் ஆயிற்று என்று. அதைத் திறந்து அரை கிளாஸ் ஊற்றி வைத்தாள்.

கிழவர் மோந்து பார்த்தார். குடிக்கவில்லை.

"மில்வாக்கில நான் என்ன வேல பாத்தேன், தெரியும்ல உனக்கு?"

"பீர்க் கம்பெனி."

"பீர்க் கம்பெனின்னு சொன்னா எல்லாரும் வாயப் பொளப்பாங்க. நான் பீர் பண்ணல. கெட்டுப்போயித் திரும்பி வர்ற பீப்பாய ஒடச்சு சாக்கடையில கொட்டறது என் வேல. முப்பத்தோரு வருஷம். கெட்டது எப்படி நாறும்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம்."

டோரீன் எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "அப்ப இது கெட்டதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே தெரியுமா?"

"அவன் மொத பாட்டில் குடுத்த அன்னிக்கே தெரியும். கேவலமான பீரு."

"பின்ன எதுக்குக் குடிச்சீங்க?"

"புள்ள குடுத்தான்."

"ரெண்டு வருஷமா நான்ல பண்றேன்?"

"தெரியும்மா. கீழ நீ பாத்திரம் கழுவற சத்தம் கேக்காதா எனக்கு? ஆனா நோட்டு அவனோடது. டப்பா அவன் வாங்கி வச்சது. எப்படியும் அதுல அவன் கொஞ்சம் இருந்தான்." கிளாஸை லேசாகச் சுற்றினார். "நீ இப்ப பண்ணியே தானியத்துல, அது சுத்தமான பீரு. நல்ல பீரு. அதுல அவன் ஒண்ணுமே இல்ல. அதக் குடிச்சா, அவன் வரமாட்டான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

பக்குவமாகச் சொல்ல டோரீனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்குவத்துக்கெல்லாம் உடம்பில் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"அவன் வரமாட்டான்ப்பா" என்றாள்.

"கேட்டுது" என்றார் அவர்.

 வெளியே யாரோ நடைபாதைப் பனியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. கிழவர் கிளாஸை எடுத்துக்கொண்டு எழுந்தார். சுவரைப் பிடித்தபடி தொட்டிக்கு நடந்தார். முப்பத்தோரு வருஷம் செய்த வேலையைச் செய்கிறவர் மாதிரி, அவசரப்படாமல், கிளாஸைச் சாய்த்து ஊற்றினார். பாட்டிலில் மிச்சமிருந்ததையும் ஊற்றினார். குழாயைத் திறந்து வாசனை போகிற மட்டும் தண்ணீர் விட்டார். கிளாஸைக் கழுவிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

டோரீன் எழுந்து போய்ப் புதுப் பீரில் ஒன்றைத் திறந்தாள். அரை கிளாஸ் ஊற்றினாள். அவர் குடித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தினார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், மறுபடி குடித்தார். அவள் பார்க்காத மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பி, இன்னும் ஊற்ற வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நாளைக்கு என்றார்.

அன்றைக்கு வறுத்த மீன். ஒரு துண்டு முழுதாகச் சாப்பிட்டார், கோஸும் பாதி சாப்பிட்டார். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு பவுண்டு ஏறுமா என்று டோரீன் மனசுக்குள் கணக்குப் போட்டாள். ஏறலாம், ஏறாமலும் போகலாம். படிவம் குளிர்ப்பெட்டிக் கதவிலேயே இருந்தது. அந்தக் கோடு இன்னும் காலியாகத்தான் இருந்தது. எழுதினால் என்ன எழுதுவது என்பது மட்டும் அவளுக்கு இப்போது முன்னைப்போல் அவ்வளவு கஷ்டமாகத் தெரியவில்லை.

சாப்பிட்டு முடித்துக் கிழவர் தன் அறைக்குப் போனார். கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.  இந்தக் குளிரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாரா என்று டோரீன் ஓடினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெட்டி காலடியில் திறந்து கிடந்தது. உள்ளே நாலு சட்டையும் இரண்டு வருஷ மடிப்போடு அட்டை மாதிரி கிடந்தன.

"இதுங்களக் கொஞ்சம் இஸ்திரி போடணும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "வெளிய இருக்கறது எல்லாம் காலர் போயிடுச்சு."

இன்னும் நாலு சட்டை என்று டோரீன் நினைத்தாள். காலையிலிருந்து நின்ற கால் வலித்தது. நாலையும் கையில் வாங்கிக்கொண்டு போய் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சொருகி, அது சூடாகிற வரை பக்கத்திலேயே நின்றாள்.